மச்சுல கெடக்க ஓலையும் வாஷிங்டன்ல இருக்க சமையல் நோட்டும்

போன இதழ்ல "பழைய புஸ்தகம், ஓலை, கையெழுத்து நோட்டு, இதப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னு கடைசி பக்கத்துல ஒரு வரி போட்டிருந்தோம். வந்து குவிஞ்ச கடுதாசியையும் வாட்ஸப்பையும் பாத்தா நம்ம குமரி மாவட்டத்துல மச்சு வச்ச வீட்டுல எல்லாம் ஏதோ ஒரு கட்டு இருக்கும் போல. ஒரே மாதிரி கேள்விய ஒண்ணாக்கிட்டேன். பேரு போடாண்டாம்னு பலரும் சொன்னதால ஊர் மட்டும் போட்டிருக்கு.

நாகர்கோவில் மாணவி: எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கேன். ஏதாவது ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகத்தோட அரிய தொகுப்ப வச்சு 'அர்ளி மாடர்ன்' காலப் பண்பாடு பத்தி செமினார் எழுதணும்னு மேம் சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல இருக்க ஃபோல்ஜர் நூலகத்த எடுத்துக்கன்னாங்க. வடசேரில இருந்து வாஷிங்டனுக்கு நான் எங்க போக? எங்க தொடங்கணும்னே தெரியல.

பதில்: வாஷிங்டனுக்கு ஒண்ணும் போகாண்டாம் மக்கா, அதப் பெறகு சொல்லுகேன். 'அர்ளி மாடர்ன்'ங்கிற பேரக் கேட்டு மொதல்ல மிரளாத. சுமாரா 1500ல இருந்து 1800 வரைக்கும் உள்ள காலம், அவ்வளவுதான். அச்சு பரவுன காலம், கப்பல் உலகத்த சுத்துன காலம், நல்லமிளகுக்காக ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்ட காலம். இத லண்டன் சங்கதின்னு மட்டும் நெனச்சா பாதி போச்சு, ஏன்னா ஃபிரான்சிஸ் சேவியர் 1544ல நம்ம கடற்கரை வழியா ஊர் ஊரா போனதும், திருவாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா பத்மநாபபுரத்துல இருந்து ஆண்டதும், அவரு படை டச்சுக்காரன தோக்கடிச்ச 1741 குளச்சல் சண்டையும் எல்லாம் இதே காலத்துக்குள்ளதான் வருது.

இனி ஃபோல்ஜர். ஹென்றி ஃபோல்ஜர்னு ஒருத்தர், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனில பெரிய பதவில இருந்தவர், அவரும் மனைவி எமிலியும் சேந்து வாழ்நாள் பூரா ஷேக்ஸ்பியர் சம்பந்தப்பட்டத எல்லாம் வாங்கிக் குவிச்சாங்க. நூலகம் தொறந்தது 1932 ஏப்ரல் 23, ஷேக்ஸ்பியர் பொறந்தநாளா கொண்டாடுற நாளு. பாவம் ஹென்றி 1930லயே போயிட்டாரு, தொறந்தத பாக்கல. அங்க பெரிய பேரு 'ஃபர்ஸ்ட் ஃபோலியோ'வுக்குதான். 1623ல ஷேக்ஸ்பியரோட 36 நாடகத்த ஒண்ணா சேத்து அடிச்ச புஸ்தகம். அதுல 18 நாடகம் அதுக்கு முன்ன அச்சே ஆகல, இந்தப் புஸ்தகம் இல்லேன்னா போயிருக்கும். உலகத்துல சுமார் 235 பிரதி மிஞ்சிருக்கு, அதுல 82 இவங்க கையில.

ஒரே புஸ்தகத்துக்கு 82 பிரதி என்னத்துக்குன்னு கேப்ப. அப்ப காகிதம் வெல கூடுன சாமான். அச்சு ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தர் பிழை பாத்து திருத்துவாரு, மிஷின நிறுத்தி எழுத்த மாத்துவாங்க, ஆனா அதுக்கு முன்ன அடிச்ச பிழையான தாள தூரப் போட மாட்டாங்க, அதையும் சேத்தே பைண்ட் பண்ணிருவாங்க. அதனால எந்த ரெண்டு பிரதியும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. சார்ல்டன் ஹின்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் கண்ணாடியும் வெளக்கும் வச்சு ஒரு மிஷினையே செஞ்சு, ரெண்டு பிரதியோட ஒரே பக்கத்த மாத்தி மாத்தி காட்டி, எங்கெல்லாம் எழுத்து ஆடுதோ அங்கெல்லாம் வித்தியாசம்னு ஐம்பதுக்கு மேல பிரதிய ஒப்பிட்டாரு. 1963ல அது புஸ்தகமா வந்தது. யாரு எந்தப் பக்கத்துக்கு அச்சுக் கோத்தான், அதுல யாரு தொழில் படிக்க வந்த பையன், எங்கெல்லாம் அவன் சொதப்பியிருக்கான்னு வரைக்கும் பிரிச்சுட்டாரு.

இவ்வளவு சொல்லிட்டு நான் சொல்லப்போறது என்னன்னா, நீ ஃபோலியோ பத்தி எழுதாத. ஒன் கிளாஸ்ல பாதிப்பேரு அதத்தான் எழுதுவாங்க. ஃபோல்ஜர்ல அந்தக் காலத்து சாதாரண ஆளுக எழுதுன கடுதாசி இருக்கு, கணக்கு நோட்டு இருக்கு, வீட்டுப் பெண்கள் எழுதி வச்ச சமையல் வைத்தியக் குறிப்பு நோட்டு ஏராளமா இருக்கு. அதுல நெறைய நல்ல ஸ்கேனா அவங்க டிஜிட்டல் தொகுப்புல இலவசமா கெடக்கு, போன்லயே பெருசாக்கிப் பாக்கலாம். ஒரே ஒரு நோட்ட எடு. பத்து நோட்ட மேஞ்சு எழுதுகத விட ஒரு நோட்டோட மொதல் அட்டைல இருந்து கடைசி அட்டை வரைக்கும் பாரு. யாரு பேரு எழுதிருக்கு, எத்தன கையெழுத்து மாறுது, எங்க அடிச்சிருக்கு, எந்தப் பக்கம் அழுக்கா இருக்கு. ஒன் செமினார் அதுலயே வந்துரும்.

தக்கலை வாசகி: வெள்ளக்காரி 400 வருஷம் முன்ன எழுதுன சமையல் குறிப்புல நமக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? சும்மா கேக்கேன், கோவிக்காதீங்க.

பதில்: கோவம் எதுக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. அந்த நோட்டுகள தொறந்தா மொதல்ல தெரியுகது, அது நாம நெனைக்கிற சமையல் புஸ்தகமே இல்ல. ஒரு பக்கம் மாவுக்குள்ள இறைச்சி வச்சு சுடுக 'பை' பலகாரம், அடுத்த பக்கம் கொள்ளைநோய்க்கு குடிக்க வடிநீர், அதுக்கும் அடுத்தது மை காய்ச்சுகது, பல்லுவலி, துணிக்கறை போக்குகது. எல்லாம் ஒரே கை, ஒரே அடுக்களை. நெஞ்சு நோவுக்கு நத்தையையும் மண்புழுவையும் போட்டு வடிச்ச தண்ணி ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்து நோட்டு பலதுலயும் அது வரும். நமக்கு கொமட்டுது, ஆனா அவங்க அத ரொம்ப நம்பி எழுதிருக்காங்க. சில குறிப்புக்குப் பக்கத்துல லத்தீன்ல ரெண்டே வார்த்தை எழுதிருப்பாங்க, 'சோதிச்சுப் பாத்தாச்சு'ன்னு. நம்ம வைத்தியச் சுவடில 'கைகண்டது'ன்னு போடுகது மாதிரியே தான். இன்ன சீமாட்டி தந்தது, இன்ன அத்தை சொன்னதுன்னும் இருக்கும். அம்மா எழுதின நோட்டுல மகள் தொடர்ந்து எழுதுவா, பேத்தி வந்து "இது நல்லா வரல"ன்னு அடிச்சு விடுவா. பட்டம் வாங்காத, புஸ்தகம் போடாத பெண்களோட அறிவு எப்பிடி கை மாறிச்சுன்னு பாக்க இதவிட நல்ல எடம் கெடைக்காது.

அளவும் நேரமும் பாருங்க. கடிகாரம் எல்லா வீட்லயும் கெடையாது, அதனால "ஒரு ஜெபம் சொல்லி முடிக்க நேரம் கொதிக்கட்டும்"னு எழுதுகது அங்க பழைய வழக்கம்.

நமக்கு இதுல என்ன இருக்குன்னா, நல்லமிளகு இருக்கு. அந்த நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் நல்லமிளகு, இஞ்சி, ஜாதிக்கா, கிராம்பு. அந்த மிளகுல ஒரு பங்கு வேணாட்டு மலைச்சரிவுல வெளைஞ்சு கப்பல் ஏறினது. டச்சுக்காரன் குளச்சல்ல வந்து எறங்குனதுக்கு அடிப்படையே மிளகு வியாபாரந்தான். ஆனா எந்த லண்டன்காரியும் "இது எங்கேருந்து வந்தது"ன்னு நோட்டுல எழுத மாட்டா, நாமளும் அப்பிடித்தானே, மரச்சீனியும் மீன்கறியும் ஆதிகாலம் தொட்டு நம்ம சாப்பாடுன்னு நெஞ்ச நிமுத்துவோம், அந்த மரச்சீனியும் அதுல போடுக வத்தலும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்ச்சுகீசு கப்பலோட வந்தது, நம்ம கொல்லாங்கொட்டை கூட அப்பிடி வந்ததுதான். ஒரே கடல் பாதைல அங்க போனதும் இங்க வந்ததும் ரெண்டு அடுக்களையையும் மாத்திருச்சு. ஒங்க அம்மை எழுதி வச்ச குறிப்பு நோட்டு இருந்தா, எண்ணெய் கறையோட அப்பிடியே வையுங்க, புது நோட்டுல அழகா காப்பி பண்ணிட்டு பழச தூரப் போட்டுராதீங்க.

பூதப்பாண்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: பேரன் அந்த ஃபோல்ஜர் ஸ்கேன் ஒண்ண காட்டினான். 35 வருஷம் இங்கிலீஷ் நடத்துனவன் நான், ஒரு வரி வாசிக்க முடியல. என்ன எழுத்து அது?

பதில்: அது 'செக்ரட்டரி' கையெழுத்து சார், 16ம் 17ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ரொம்பப் பேரு எழுதுனது. அதுல 'சி' நம்ம 'ஆர்' மாதிரி இருக்கும், 'ஈ' திரும்பி நிக்கும், 'எச்' வரிக்கு கீழ தொங்கும், 'எஸ்' ஒண்ணு நீளமா 'எஃப்' மாதிரி நிக்கும். 'யு'வும் 'வி'யும் எடம் மாறும், 'ஐ'யும் 'ஜே'யும் ஒண்ணு. ஒரே ஆளு ஒரே பக்கத்துல ஒரே வார்த்தைக்கு மூணு ஸ்பெல்லிங் போடுவான், அப்ப அது தப்பும் இல்ல. ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சதே தடையா இருக்கும், ஏன்னா கண்ணு முன்கூட்டியே வார்த்தைய யூகிச்சுரும். எழுத்து எழுத்தா வாசிங்க.

நம்ம ஓலை வாசிக்க ஆளுக்கு இது புதுசே இல்ல. சுவடில புள்ளி கெடையாது, காலும் ரகரமும் ஒண்ணு போல இருக்கும், எகர ஏகாரம் ஒகர ஓகாரம் பிரிக்க மாட்டாங்க, வார்த்தைக்கு எடையில எடம் விட மாட்டாங்க. புள்ளி இல்லாத ஓலைய வாசிச்சுப் பழகுன ஆளுக்கு செக்ரட்டரி கையெழுத்து சீக்கிரம் வசப்படும்னு நான் உறுதியா சொல்லுவேன். ஃபோல்ஜர்காரங்க எழுத்து அட்டவணை, பயிற்சிப் பாடம் எல்லாம் இலவசமா வச்சிருக்காங்க. சில வருஷம் முன்ன ஆன்லைன்ல பொதுமக்கள்கிட்டயே பக்கத்த குடுத்து வாசிச்சு தட்டச்சு பண்ணித் தர கேட்டாங்க, ஆயிரக்கணக்குல ஆளு சேந்தாங்க. பேரனும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் வாசிச்சு ஒப்பிடுங்க, நல்லா பொழுது போகும்.

திருவட்டாறு வாசகர்: எங்க பாட்டா வர்ம ஆசான். மச்சுல ஒரு பெட்டி நெறய ஓலை கெடக்கு, செதல் ஏறத் தொடங்கிருச்சு. மாமா ஆடிப்பெருக்குல ஆத்துல விட்டுரலாம்ங்காரு. அண்ணன் மண்ணெண்ணெய் தடவணும்ங்கான். வெளிய காட்டக்கூடாதுன்னு பாட்டா சத்தியம் வாங்கிருக்காரு. என்ன செய்ய?

பதில்: ஆத்துல விடாதீங்க. மண்ணெண்ணெயும் வேண்டாம், தேங்காண்ணெயும் வேண்டாம், வெயில்ல காயப் போடவும் வேண்டாம். இன்னைக்கே செய்யக்கூடியது, செதல் இருக்க பெட்டில இருந்து எடுத்து, காத்தோட்டமான நெழல்ல சுத்தமான துணில பரத்தி, மெத்துனு இருக்க பிரஷ்ஷால தூசியும் மண்ணும் தட்டி விடுகது. ஒட்டிக் கெடக்கிற ஓலைய பிரிக்காதீங்க, பிரிச்சா தொலி உரிஞ்சு எழுத்தோட வரும். பூச்சி அண்டாம இருக்க பண்டு வசம்பு, வேப்பெல எல்லாம் வைப்பாங்க, சிவப்புத் துணில பொதிஞ்சு வைப்பாங்க, அதுல கெடுதி இல்ல. புல்தைலம் தடவுகது நூலகங்கள்லயே செய்கதுதான், ஓலைய வளையும்படி வச்சிருக்கும், பூச்சியையும் வெரட்டும். ஆனா அத முதல்முறை தெரிஞ்ச ஆளு முன்னால நின்னு செய்யட்டும், கைப்பழக்கம் வேணும். எழுத்து தெரியலேன்னு கரி பூசப் போகாதீங்க, அதுக்கும் முறை உண்டு.

பெறகு போட்டோ. கட்டுல எந்த வரிசைல இருக்கோ அதே வரிசைல, ஒவ்வொரு ஓலையும் முன்னும் பின்னும். நேரா வெளிச்சம் அடிக்காம பக்கத்துல இருந்து வெளிச்சம் வரட்டும், ஏன்னா ஓலைல எழுத்துங்கது கீறல் தான், பக்கவாட்டு வெளிச்சத்துல பள்ளம் நெழல் விழுந்து தெளிவா தெரியும். பக்கத்துல ஒரு ஸ்கேல வையுங்க. கயிறு அவுத்தா ஓலை எண்ண குறிச்சுக்கிட்டு அவுக்கணும், வரிசை போச்சுன்னா அந்தச் சுவடியே போச்சு.

கடைசி ஓலைய கட்டாயம் பாருங்க. எழுதினவன் பேரு, ஊரு, யாருக்காக எழுதினான், எந்த வருஷம்னு பல சமயம் அங்கதான் இருக்கும். நம்ம பக்கம் கொல்லம் ஆண்டுதான் போட்டிருப்பாங்க, அதோட 825 கூட்டுனா இங்கிலீஷ் வருஷம் வந்துரும், ஆவணில இருந்து மார்கழி வரைக்கும் ஒரு வருஷம் குறைச்சுக்கணும். கொல்லம் 950ன்னு இருந்தா 1774-75. ஓலை பொதுவா ரெண்டு மூணு நூற்றாண்டு தாங்குனா அதிகம், அதனால பழசு கெட முன்ன புதுசுல பகர்த்தி எழுதுவாங்க. 'அகத்தியர் அருளியது'ன்னு தொடங்குனாலும் ஒங்க கையில இருக்கது யாரோ ஒரு ஆசான் பகர்த்துன பிரதி, அந்த ஆசானத்தான் நாம தேடணும். ஓரத்துல ஒங்க பாட்டாவோ அவருக்கு முன்ன உள்ளவரோ கீறி வச்ச சின்னக் குறிப்பு, கைபட்டு கறுத்துப்போன ஓலை, இதெல்லாம்தான் எந்த மருந்த நெசமாவே அடிக்கடி செஞ்சாங்கன்னு காட்டும். மேல தக்கலைக்காரங்களுக்கு சொன்ன அந்த எண்ணெய்க்கறை விஷயந்தான் இதுவும்.

சத்தியத்துக்கு வருவோம். பாட்டா சொன்னதுக்கு மரியாதை உண்டு. வர்மம் தெரியாதவன் கையில போனா ஆபத்துன்னுதான் ஆசான்மாரு மறைச்சாங்க. ஆனா காட்டாம இருக்கது வேற, அழிய விடுகது வேற, பாட்டா அழிக்கச் சொல்லல. போட்டோ எடுத்து வீட்லயே ரெண்டு எடத்துல வையுங்க, நெட்டுல போடணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. பாதுகாக்க முடியலேன்னு பட்டா மட்டும் சென்னைல 1869ல தொடங்குன அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ, பக்கத்துலயே திருவனந்தபுரம் காரியவட்டத்துல இருக்க கேரளப் பல்கலைக்கழக சுவடி நூலகத்தையோ கேளுங்க. வீட்டுக்கு யாராவது வந்து "வெலைக்கு எடுத்துக்குவேன்"னு சொன்னா வாசல்லயே நிறுத்துங்க. 75 வருஷம் தாண்டின, சரித்திர மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 1972 சட்டப்படி தொன்மைப் பொருள், தனியாள் அத வெளிநாட்டுக்கு கொண்டுபோக முடியாது.

மார்த்தாண்டம் வாசகர்: பழைய புஸ்தகம் தொட வெள்ளக் கையுறை போடணுமா?

பதில்: வேண்டாம். கையுறை போட்டா விரலுக்கு பக்கம் தட்டாது, காகிதம் கிழியும். கைய நல்லா கழுவி தொடச்சுட்டு தொட்டா போதும்னுதான் இப்ப நூலகக்காரங்க சொல்லுகாங்க. போட்டோவுக்கும் உலோகத்துக்கும் மட்டும் கையுறை.

குளச்சல் இளைஞர்: வருஷா வருஷம் குளச்சல் சண்டை பத்தி பேச்சு நடக்கு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லுகா. அந்தக் காலத்து காயிதத்த நானே பாக்க வழி உண்டா?

பதில்: உண்டு, பொறுமை இருந்தா. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, எல்லாரும் 'வி.ஓ.சி.'ங்காங்களே (நம்ம வ.உ.சி. இல்ல, எடேய்), அவன் எழுதாத விஷயமே இல்ல. எத்தன மூட்டை மிளகு, எத்தன பேருக்கு காய்ச்சல், எவன் குடிச்சுட்டு சண்டை போட்டான், எல்லாத்தையும் எழுதி கொச்சில இருந்து படேவியாவுக்கும் (இப்ப ஜகார்த்தா) ஹாலந்துக்கும் அனுப்புனான். சுமார் இரண்டரைக் கோடி பக்கம் மிஞ்சியிருக்கு. 2003ல யுனெஸ்கோ அத உலக நினைவுப் பட்டியல்ல சேத்தது. பெரும்பகுதி நெதர்லாந்துல தி ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்துலயும் ஜகார்த்தாவுலயும் இருக்கு, ஒரு பங்கு சென்னை எழும்பூர்ல நம்ம தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துலயே இருக்கு. தி ஹேக்ல உள்ளதுல சுமார் 50 லட்சம் ஸ்கேன கம்ப்யூட்டரே வாசிச்சு எழுத்தாக்கி, 'குளோபலைஸ்'ங்கிற திட்டத்துல யாரு வேணாலும் வார்த்த போட்டுத் தேடலாம்னு வச்சிருக்காங்க. பழைய டச்சு மொழிதான், போன்ல உள்ள மொழிபெயர்ப்பு 'ஆப்' பாதி கை குடுக்கும். ஊர்ப்பேர டச்சுக்காரன் காதுல விழுந்தபடி எழுதுவான், ஒரு எழுத்தன் போல இன்னொருத்தன் எழுத மாட்டான், அதனால நாலஞ்சு ஸ்பெல்லிங் போட்டுப் பாக்கணும். திருவாங்கூர், கொமோரின் முனைன்னு (நம்ம கன்னியாகுமரிதான்) தொடங்கு, அங்கேருந்து குளச்சலுக்கு வா.

ஒண்ணு மனசுல வச்சுக்க. அந்த ரிப்போர்ட் எழுதுனவனுக்கு மேல ஒரு அதிகாரி இருக்கான், தோத்ததுக்கு காரணம் சொல்லணும், பழிய எங்கயாவது எறக்கணும். நம்ம பக்கத்து ஓலைய எழுதுனவனுக்கு மேல ஒரு ராஜா இருக்காரு. ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிக்காம எந்த மேடைலயும் ஏறாத. நம்ம பக்கத்து ஓலைக்கு திருவனந்தபுரம் கோட்டைக்குள்ள 2022ல தொறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்குப் போ, கேரள ஆவணக் காப்பகத்துக்காரங்க நடத்துகது, திருவாங்கூர் ஆட்சியோட வரி, நெலம், சண்டைன்னு பல ஓலை இருக்கு. தேதி தேடும்போது கொல்லம் 916 ஆடின்னு தேடணும், இங்கிலீஷ் பஞ்சாங்கத்துல அது 1741 ஆகஸ்ட் 10. சிலரு ஜூலை 31ன்னும் போடுவாங்க, சண்ட ஒண்ணுதான். வழில புலியூர்குறிச்சில எறங்கி உதயகிரி கோட்டைக்குள்ள டிலனாய் கல்லறையையும் பாத்துட்டு போ. டச்சுப் படையில வந்து குளச்சல்ல பிடிபட்டு, பெறகு திருவாங்கூர் படைக்கே தளபதியாகி, 1777ல செத்தவரு. கல்லறைல தமிழும் லத்தீனும் சேந்து வெட்டியிருக்கும்.

கோட்டாறு வாசகர்: தமிழ்ல முதல்ல அச்சான புஸ்தகம் கொல்லத்துல அடிச்சது, இப்ப அமெரிக்காவுல ஹார்வர்டுல இருக்காமே. நம்ம சொத்த திருப்பி கேக்கண்டாமா?

பதில்: 'தம்பிரான் வணக்கம்', 1578 அக்டோபர் 20, கொல்லம், 16 பக்கம். என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார் தமிழ் எழுத்துலயே அச்சுக் கோத்து கொண்டு வந்தது. இப்ப தெரிஞ்ச ஒரே பிரதி ஹார்வர்டோட ஹௌட்டன் நூலகத்துல. அதுக்கும் முன்னால 1554ல லிஸ்பன்ல தமிழ ரோமன் எழுத்துல அடிச்ச ஒரு ஜெபப் புஸ்தகம் உண்டு, அதோட பிரதி லிஸ்பன்லயே இருக்கு. 1586ல வந்த 'அடியார் வரலாறு' வத்திக்கான்ல இருக்கு. கேக்க வயிறு எரியத்தான் செய்யும், எனக்கும் எரியுது.

ஆனா யோசிங்க. நம்ம கடற்கரைல அந்தப் புஸ்தகத்த கையில வாங்குனவங்க அத வாசிச்சாங்க, மனப்பாடம் பண்ணுனாங்க, பிள்ளைகளுக்கு குடுத்தாங்க, உப்புக்காத்துலயும் மழையிலயும் கரையான்லயும் அது தேஞ்சு போச்சு. யூரோப்புக்கு சாம்பிளா போன பிரதிய வாசிக்க அங்க ஆளு இல்ல. வாசிக்காததால மிஞ்சிச்சு. பல பிரதி அடிச்ச அச்சுப் புஸ்தகத்துல ஒண்ணு கடல் தாண்டிப் போறதும், கோயில்ல இருந்து சாமி செலைய கடத்துகதும் ஒரே கணக்கு இல்லேங்கது என் அபிப்பிராயம். பல பேரு சண்டைக்கு வருவீங்க, வாங்க. நான் கேப்பது வேற. அதோட நல்ல நகல் ஒண்ணு, அதே அளவு, அதே தாள் நெறம், கோட்டாறுல ஒரு பிள்ளை கையில எடுத்துப் பாக்கும்படி இருக்கணும். 1542ல இருந்து சேவியர் இந்தக் கரைல எழுதுன கடுதாசிக இருக்கு, 1545 ஜனவரில கொச்சில இருந்து எழுதுனதுல ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுத்ததா சொல்லுகாரு. அந்த பத்தாயிரம் பேர்ல ஒருத்தர் எழுதுன ஒரு வரி நம்ம கையில இல்ல. எனக்கு புஸ்தகம் ஹார்வர்டுல இருக்கத விட அதுதான் பெரிய நஷ்டமா படுது.

தேரூர் வாசகி: இவ்வளவும் வெளிநாட்டு, வெளியூர் கதையா இருக்கு. நம்ம மாவட்டத்துலயே இப்பிடி ஒண்ணும் இல்லையா?

பதில்: ஒங்க ஊர்க்காரரையே மறந்துட்டீங்களே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாட்டு எழுதினவர்னு மட்டுந்தான் பள்ளிக்கூடத்துல சொல்லித் தருகாங்க, அவரு கல்வெட்டும் ஓலையும் தேடி அலைஞ்ச ஆராய்ச்சிக்காரரு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்துல இருந்த ஓலைகள வெளிய கொண்டு வந்து அதோட அருமைய ஒலகத்துக்கு சொன்னது அவருதான். 'முதலியார் ஓலைகள்'னு பேரு. நாஞ்சில் நாட்டோட நெலம், வரி, ஏரி கொளம், அரசன் உத்தரவுன்னு பல நூற்றாண்டு சங்கதி அதுல உண்டு. ஆள வித்த ஓலையும் உண்டு, இன்ன வெலைக்கு இன்ன ஆண், இன்ன பெண், பிள்ளைகளோட, அப்பிடின்னு. நாஞ்சில் நாடு நெல்லு வெளைஞ்ச பூமின்னு பாடுகோம், அந்த வயல்ல எறங்கி நின்னவங்க பேரு இந்த மாதிரி ஓலைல மட்டுந்தான் வருது, அதுவும் வெலை போட்டு. அ.கா. பெருமாள் இத தொகுத்து புஸ்தகமா தந்திருக்காரு, நாகர்கோவில்ல கெடைக்கும், வாங்கி வாசிங்க.

கருங்கல் வாசகர்: சக்கைப்பழம், அயினிச்சக்கை எல்லாம் 300 வருஷம் முன்ன டச்சுக்காரன் படம் வரைஞ்சு வச்சிருக்கான்னு பையன் சொல்லுகான். நெசமா?

பதில்: நெசந்தான். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', 12 பாகம், 1678ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சானது. கொச்சில டச்சு கமாண்டரா இருந்த வான் ரீட் செய்ய வச்சது. 740க்கு மேல செடிகொடி. மூணாம் பாகத்துல சக்கையும் இருக்கு அயினியும் இருக்கு, சக்கைய பக்கம் கொள்ளாம மடிச்சு வைக்க தாள்ல பெருசா வரைஞ்சிருக்காங்க. இட்டி அச்சுதன்னு ஒரு ஈழவ வைத்தியர் தன் குடும்பச் சுவடிய பாத்து மருந்து குணம் சொன்னாரு, 1675ல அவரு எழுதிக் குடுத்த சாட்சியம் மொதல் பாகத்துல அவரு கையெழுத்தோடயே அச்சாயிருக்கு. அவரு பேரு வந்துருச்சு, மரம் ஏறி கெளையும் பூவும் பறிச்சுக் குடுத்தவங்க பேரு வரல. லத்தீன்ல இருந்தத கே.எஸ். மணிலால் இங்கிலீஷுக்கு கொண்டு வந்தாரு. படம் மட்டும் பாக்கணும்னா 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' தளத்துல பைசா இல்லாம பாக்கலாம். சக்க சீசன்ல பாருங்க, கொள்ளாம்.

இரணியல் வாசகர்: தாத்தாவோட 1890ல அச்சான பஞ்சாங்கம் இருக்கு. எவ்வளவு கெடைக்கும்?

பதில்: பழைய பேப்பர் கடைல கெடைக்கதவிட கொஞ்சம் கூட. விக்காதீங்க. ஓரத்துல தாத்தா வெத நெல்லு, கடன், பொறப்பு இறப்பு எழுதியிருந்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.

நாகர்கோவில், இன்னொரு மாணவர்: வெளிநாட்டு நூலகத்துக்கு மெயில் போட்டா நம்மள மாதிரி ஆளுக்கு பதில் போடுவாங்களா? என் இங்கிலீஷ் சுமார்.

பதில்: போடுவாங்க, கேள்விக்கு பதில் சொல்லுகதுக்குன்னே அங்க ஆளு இருக்கு. இங்கிலீஷ் சுமாரா இருந்தா ஒரு குத்தமும் இல்ல, கேள்வி தெளிவா இருக்கணும். "ஷேக்ஸ்பியர் காலம் பத்தி தகவல் அனுப்பவும்"னு எழுதுனா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. நீ பாத்த நோட்டோட அட்டவணை எண், எத்தனாவது தாள், எத்தனாவது வரி, ஒன்னால வாசிக்க முடியாத வார்த்தை எது, நீ என்னன்னு நெனைக்க, இவ்வளவுதான். ஒரு மெயிலுக்கு ஒரு கேள்வி. ஸ்க்ரீன்ஷாட்ல அந்த வார்த்தைய வட்டம் போட்டு சேத்துரு. ரெண்டு வாரம் வரைக்கும் காத்திரு, அதுக்கு முன்ன நினைவூட்டல் அனுப்பாத.